மடக்கி அடித்தால்தான் கிளிஞ்சர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளேட்டின் ஞாயிறு மாணவர் பகுதியில் 'கிளிஞ்சர்' (clincher) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முடிவு, கடைசி' என்று பொருள் போட்டிருந்தது. அடுத்த வாரமே வாசகர் ஒருவர், அந்தச் சொல் நம் 'கிளிஞ்சல்' என்பதிலிருந்துதான் போனது, கிளிஞ்சல் பாறையை இறுகப் பற்றிக்கொள்வதால் அந்தப் பொருள் வந்தது என்று எழுதியிருந்தார். முதலாவது பாதித் தவறு, இரண்டாவது முழுத் தவறு. எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிற பக்கம் அது. அதனால்தான் எழுதுகிறோம்.

கிளிஞ்சல் கதையை முதலில் முடித்துவிடலாம். கோலா செபத்தாங் பக்கம் கடலோரச் சேற்றில் விளையும் கேராங் என்ற கிளிஞ்சலைப் பார்த்தவர்களுக்கே தெரியும், அது எந்தப் பாறையையும் பற்றுவதில்லை. அதை விடுங்கள். கிளிஞ்சர் என்பதில் கடைசியில் வரும் 'அர்', டீச்சர், டிரைவர் என்பதில் வருகிற அதே 'அர்'. செய்பவரை அல்லது செய்யும் பொருளைக் குறிக்கும் விகுதி. அதைக் கழற்றினால் மிஞ்சுவது 'கிளிஞ்ச்' என்ற வினைச்சொல். அது 'கிளெஞ்ச்' என்பதன் இன்னொரு உருவம். கிளெஞ்ச்சுக்கும் பின்னால் போனால் பழைய ஆங்கிலத்தில் 'பெகிளென்கன்' என்று இருக்கிறது. இறுகப் பிடிக்கச் செய் என்று பொருள். 'கிளிங்', அதாவது ஒட்டிக்கொள், என்பதும் இதே குடும்பம். டச்சு மொழியில் ஆணியின் முனையை அடித்து இறுக்குவதை இன்றும் 'கிளிங்கன்' என்றே சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் நம் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தச் சொல் அவன் வீட்டில் இருந்தது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று தமிழ் ஆங்கிலத்துக்கு உண்மையாகவே கொடுத்த சொற்கள் உண்டு. அவை போதும், கிளிஞ்சலையும் சேர்க்க வேண்டிய அவசியமில்லை.

பொருளுக்கு வருவோம். கிளிஞ்ச் என்பது தச்சு வேலைச் சொல். இரண்டு பலகையைச் சேர்த்து ஆணி அடித்து, மறுபக்கம் வெளியே வரும் முனையை வளைத்து மரத்துக்குள்ளேயே புதைப்பதுதான் அது. நம் பட்டறைகளில் 'மடக்கி அடி' என்போம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளிஞ்சர் என்பது ஒரு வேலைக்காரரின் பெயர். கப்பல் கட்டும் இடத்தில் இப்படி மடக்கி அடிப்பவர். பிறகுதான் 18ஆம் நூற்றாண்டில், எதிராளி மேற்கொண்டு வாய் திறக்க முடியாதபடி அடிக்கிற வாதத்துக்கு அந்தப் பெயர் ஏறியது. ஆளைக் குறித்த சொல் வாதத்தைக் குறிக்கத் தொடங்கியது எப்படி என்பது, ஓர் ஆணியை மடக்கிப் பார்த்தால் தானாகவே விளங்கும்.

தலா 1 அங்குலக் கனமுள்ள இரண்டு பலகை. சேர்த்தால் 2 அங்குலம். இதற்கு 2½ அங்குலக் கம்பி ஆணி வேண்டும். மறுபுறம் அரை அங்குலம், ஏறக்குறைய 13 மில்லிமீட்டர், நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கால் அங்குலத்துக்குக் குறைந்தால் வளைக்கப் பிடி கிடைக்காது. முனை மட்டும் நசுங்கிச் சுருளும். முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் வளைந்த கால் நீண்டு, நடுவில் எழும்பி, சட்டையையும் கையையும் கிழிக்கும். சாதாரண இளக்க இரும்பு ஆணியே சரி. கான்கிரீட் ஆணி கடினப்படுத்தியது. வளைத்தால் பட்டென்று முறிந்து, துண்டு கண்ணைப் பார்த்துப் பறக்கும்.

பலகையை நேராக மேசையில் வைத்து அடித்தால் மேசையும் சேர்ந்துவிடும். இரண்டு கட்டை வைத்து இடைவெளி விட்டு, அதன் மேல் பலகையை வைத்து, தலை பதியும்வரை அடிக்க வேண்டும். பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு, ஆணித்தலைக்கு நேர் கீழே ஒரு கனத்த இரும்பு கொடுக்க வேண்டும். தண்டவாளத் துண்டு கிடைத்தால் உத்தமம். இன்னொரு சுத்தியலின் முகமும் ஆகும். இந்த ஒரு காரியத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கீழே தாங்கல் இல்லாமல் முனையை அடித்தால், அடி ஆணியையே பின்னுக்குத் தள்ளும். தலை ஒரு மில்லிமீட்டர் எழும்பிவிடும். மேலே பார்த்தால் முனை அழகாக மடங்கியிருக்கும். ஆனால் இரண்டு பலகைக்கும் நடுவே நகம் நுழையும். ஆட்டம் காணும் மூட்டு அங்கேயே பிறந்துவிட்டது.

முனையை ஒரே அடியில் சாய்க்கக் கூடாது. முனைக்குப் பக்கத்தில் ஒரு தடித்த கம்பியை வைத்து, அதன் மேலாக முனையைத் தட்டி வளைத்தால் தூண்டில் முள்போல் ஒரு கொக்கி வரும். கம்பியை எடுத்துவிட்டு, கொக்கியின் கூர் மரத்துக்குள் இறங்கும்படி மேலிருந்து அடிக்க வேண்டும். கூர் உள்ளே போய்ப் புதைந்தால்தான் வேலை முடிந்தது. கொக்கி போடாமல் சும்மா சாய்த்து அடித்தால், முனை மரத்தின் மேல் படுத்திருக்குமே தவிர மரத்தைக் கடிக்காது. நாலு மாதத்தில் எழுந்து நிற்கும்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? நார் ஓடும் திசையிலேயே சாய்த்தால் ஆணி இரண்டு நாருக்கு நடுவே அழகாக மூழ்கும், பார்வைக்கு நன்றாக இருக்கும். நாருக்குக் குறுக்கே சாய்த்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் பிடிமானம் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடும். இது அமெரிக்க வேளாண் துறையின் மரப்பொருள் ஆய்வுக்கூடம் சோதித்துச் சொன்ன கணக்கு. அதே ஆய்வுக்கூடத்தின் இன்னொரு கணக்கு இன்னும் முக்கியம். அடித்த சூட்டோடு பிடுங்கிப் பார்த்தால், மடக்காத ஆணியைவிட மடக்கிய ஆணிக்கு 45 முதல் 170 விழுக்காடு அதிக பலம். பச்சை மரத்தில் அடித்து, மரம் காய்ந்த பிறகு பிடுங்கினால், வித்தியாசம் 250 முதல் 460 விழுக்காடு.

இங்கே நம் 'பசுமரத்தாணி' நினைவுக்கு வராமல் போகாது. மனத்தில் பதிந்ததைப் பசுமரத்தாணிபோல் என்கிறோம். ஆணி எளிதாக இறங்கும், உண்மை. ஆனால் மரத்தைப் பிடுங்கி அறுத்துப் பலகையாக்கிய பிறகு, காயக் காய நார் சுருங்கி ஆணியை விட்டு விலகும், பிடி தளரும். புதிதாக அறுத்த பால்மரப் (ரப்பர் மரப்) பலகையில் சாமான் அடுக்கும் தட்டு செய்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். முதல் வாரம் பாறை. மூன்றாம் மாதம் ஆணியை விரலாலேயே இழுக்கலாம். மரம் கைவிட்ட பிறகும் ஆணி நிற்க வேண்டுமென்றால், அது மறுபக்கம் மடங்கியிருக்க வேண்டும். அப்போது ஆணியைப் பிடிப்பது நாரின் உராய்வு மட்டுமல்ல, ஆணியின் சொந்த வளைவும்தான். (பழமொழியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பழமொழி நிற்கிற மரத்தைச் சொல்கிறது, நாங்கள் அறுத்த பலகையைச் சொல்கிறோம்.)

செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் நேராக அடித்தால் ஆணி வளையும், அல்லது பலகை வெடிக்கும். ஆணித் தடிமனில் முக்கால் பங்கு அளவுக்கு முதலில் துளை போட வேண்டும். பலகையின் ஓரத்துக்கு மிக நெருக்கமாக அடித்தாலும் வெடிப்புத்தான். வெயில் மழை படுகிற இடத்தில் துத்தநாகம் பூசிய ஆணியே நல்லது. இல்லையென்றால் செங்காலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மடக்கிய இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கறை பிடிக்கும்.

பழைய லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், பலகைக் கதவுகளை இன்னும் சில தோட்டங்களில் காணலாம். நிற்கும் பலகைகளைக் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து அடித்த கதவு. வெளியிலிருந்து பார்த்தால் வரிசையாக ஆணித்தலை. உள்ளே சட்டத்தின் மேல் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு தலைக்கும் நேராக ஒரு மடங்கிய முனை. அந்த ஆணியை வெளியிலிருந்து பிடுங்க முடியாது. உள்ளேயிருந்து வளைவை நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் இன்னொரு வேலைக்கு ஆகாது. ஆங்கிலத்தில் 'கதவாணிபோல் செத்தது' என்றொரு மரபுத்தொடர் 14ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. மடக்கிய ஆணி திரும்பப் பயன்படாது, அதனால் அது செத்த ஆணி என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

ஆக கிளிஞ்சரின் உயிர் 'கடைசி' என்பதில் இல்லை, 'பின்வாங்க முடியாது' என்பதில் இருக்கிறது. அதோடு, ஆணி முதலில் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். வெறும் முனையை யாராலும் மடக்க முடியாது. அதனால் ஒரு விவாதத்தில் சொல்லும் முதல் கருத்து எவ்வளவு பலமானதாக இருந்தாலும் அது கிளிஞ்சர் ஆகாது. நாலு காரணம் சொல்லி, கேட்பவர் பாதி ஒத்துக்கொண்டு, இன்னும் தயங்கும்போது ஐந்தாவதாக ஒன்றைப் போட்டு வாயடைத்தால் அந்த ஐந்தாவதுதான் கிளிஞ்சர். வீடு வாங்குகிறவர் விலை சரி, இடம் சரி, அறை சரி என்று பார்த்துவிட்டு, தமிழ்ப்பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருப்பது தெரிந்ததும் முன்பணம் கட்டிவிட்டார் என்றால், பள்ளி கிளிஞ்சர். பள்ளி மட்டுமே காரணமென்றால் அது வெறும் காரணம்.

விளையாட்டுப் பக்கத்தில் நடக்கும் குழப்பமும் இதில்தான். கிளிஞ்சருக்கும் 'டிசைடர்' என்பதற்கும் 'முடிவு ஆட்டம்' என்று ஒரே பெயர் போடுகிறீர்கள். பூப்பந்தில் (பேட்மிண்டனில்) தோமஸ் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோதலில் 5 ஆட்டம், 3 வென்றவர் வெற்றி. 2-2 என்று நின்றால் ஐந்தாவது ஆட்டம் டிசைடர். யார் வெல்வார் என்பதே அதில்தான் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் அது பொது. 2-1 என்று முன்னணியில் இருக்கும் அணி நான்காவதிலேயே வென்றுவிட்டால் அந்த ஆட்டம் கிளிஞ்சர், டிசைடர் அல்ல. ஐந்தாவதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. காற்பந்தில் 2-1 என்று தொங்கிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் முன்னணியில் இருக்கும் அணி 88ஆம் நிமிடம் போடும் தன் மூன்றாவது கோலும் கிளிஞ்சர். 'வெற்றியை உறுதி செய்த கோல்' என்று எழுதுங்கள். டிசைடருக்குத் 'தீர்மானிக்கும் ஆட்டம்' என்பது பொருந்தும். குத்துச்சண்டையில் இருவர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவர் வந்து விலக்கும்வரை நிற்பதும் கிளிஞ்ச் தான், ஆனால் அங்கே பிடி மட்டும் உண்டு, முடிவு கிடையாது.

'சிஞ்ச்' என்றொரு சொல் இருக்கிறது. பிள்ளைகள் இதையும் அதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சிஞ்ச் ஸ்பானிய மொழியில் குதிரைச் சேணத்தின் வயிற்றுப்பட்டை, அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'மிகச் சுலபம்' என்று பொருள். பிறவியிலேயே வேறு. அதேபோல் பல்லையும் முஷ்டியையும் இறுக்குவது கிளெஞ்ச், ஆணியையும் ஒப்பந்தத்தையும் கிண்ணத்தையும் இறுக்குவது கிளிஞ்ச். இன்று இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மை போடுவார். கிளிஞ்சர் பேச்சு வழக்குச் சொல் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் 'டிசைசிவ்', அதாவது தீர்மானமான, என்பது சேர்ந்த தொடர்களே மரியாதை.

அந்த டிசைசிவ் வேறு தொழிலிலிருந்து வந்தது. இலத்தீனில் அதன் வேர் வெட்டுதல். நாமும் 'அறுதியிட்டு' என்கிறோமே, அறுப்பதுதான். அதோடு சேர்த்துக் குழப்பப்படும் 'க்ரூஷியல்' சிலுவையிலிருந்து வந்தது. 1620இல் பிரான்சிஸ் பேக்கன் இலத்தீனில் எழுதும்போது, வழி பிரியும் இடத்தில் நிற்கும் கைகாட்டி மரத்தை மனத்தில் வைத்து அந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். க்ரூஷியல் வழியைக் காட்டும், டிசைசிவ் மற்ற வழியை வெட்டிவிடும், கிளிஞ்சர் வந்த வழியே திரும்ப முடியாமல் செய்யும். மூன்றுக்கும் 'முக்கியமான' என்று ஒரே சொல்லைப் போடுவது சோம்பல்.

கடலிலும் சாலையிலும் இந்தச் சொல் போன இடங்கள் உண்டு. வட ஐரோப்பாவில் ஒரு பலகையின் விளிம்பு மறு பலகையின் மேல் ஏறும்படி அடுக்கி, செப்பாணி அடித்து, உள்பக்கம் சிறு வளையத் தகடு மாட்டி, முனையை நறுக்கித் தட்டி இறுக்கும் படகுகளுக்குக் 'கிளிங்கர்' படகு என்றே பெயர். நோர்டிக் நாடுகளின் அந்தப் படகுக் கலையை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் திரங்கானு தச்சர்களுக்கு ஆணியே வேண்டாம். செங்கால் பலகைகளை விளிம்போடு விளிம்பாக வைத்து, மர முளையால் கோத்து, இடையில் கெலாம் மரப்பட்டை கொடுப்பார்கள். மடக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

சாலைக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1890இல் எடின்பரோவில் இருந்த நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியின் வில்லியம் பார்ட்லெட் ஒரு டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பெயரே கிளிஞ்சர். சக்கரத்தின் உலோக வளையத்துக்கு இரு விளிம்பும் உள்ளே வளைந்திருக்கும். டயரின் ஓரத்தில் தடித்த ரப்பர் உதடு. காற்று ஏற ஏற அந்த உதடு வளைவுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். வளைந்த விளிம்பு பிடிப்பதால் கிளிஞ்சர். அதற்கு ஒரு குறையும் உண்டு. காற்று இறங்கினால் உதடு வளைவை விட்டு நழுவும், ஓடும்போதே டயர் கழன்றுவிடும். ஃபோர்டின் மாடல் டி கார் தொடக்கத்தில் இந்த வகை டயரில்தான் ஓடியது, முன்னே 30க்கு 3 அங்குலம், பின்னே 30க்கு 3½. பிற்பாடு ஓரத்தில் எஃகுக் கம்பி வைத்த டயர்கள் அதை ஒதுக்கின. இன்றைக்குச் சைக்கிள் கடையில் கிளிஞ்சர் என்று கேட்டால், உள்ளே தனி டியூப் போடுகிற சாதாரண டயரைத் தருவார்கள். வளையத்தில் பசை போட்டு ஒட்டுவது டியூபுலர்.

1877இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்தக் கன்றுகளை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தோட்டக்காரர்கள் பொருட்படுத்தவே இல்லை. மேற்கே டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தபோதுதான் இங்கே காடு வெட்டினார்கள், கித்தா நட்டார்கள், நம்மவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கிளிஞ்சல் கதையைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் மாணவர் பகுதியில் இதைப் போடலாம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்ற கேள்வி மிச்சம். 'ஆணித்தரமான வாதம்' என்று சிலர் போடுகிறார்கள். ஆணி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஆணிப்பொன், ஆணிமுத்து என்னும்போது வருகிற ஆணி இரும்பு ஆணி அல்ல, உயர்ந்த மாற்று. பெரியாழ்வார் பாடிய தொட்டில் ஆணிப்பொன்னால் செய்தது, ஆணி அடித்துச் செய்தது அல்ல. ஆணித்தரம் என்பதற்கும் பழைய வழக்கில் முதல் தரம் என்பதே பொருள். இன்று அது 'உறுதியாக' என்று மாறிவிட்டது, அதில் தப்பில்லை. ஆனாலும் ஒருவர் முதல் வாக்கியத்திலிருந்தே ஆணித்தரமாகப் பேசலாம். முதல் வாக்கியத்திலேயே கிளிஞ்சர் வராது என்று மேலே பார்த்தோம்.

சரியான சொல் நம் வாயிலேயே இருக்கிறது. 'ஒரே கேள்வியில் ஆளை மடக்கிவிட்டார்' என்கிறோம். பட்டறையில் ஆணியையும் மடக்குகிறோம். ஆங்கிலத்தில் ஆணியிலிருந்து வாதத்துக்குப் போன அதே சொல், தமிழில் இரண்டு இடத்திலும் ஏற்கெனவே நிற்கிறது. ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் வளைவது நாம் அடித்த ஆணி, தமிழில் வளைவது எதிராளி. அகராதிப் பொருளாக 'மடக்கும் வாதம்' என்று போடுங்கள். விளையாட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் அது ஒத்துவராது. அங்கே 'உறுதி செய்தது' போதும். கிளிஞ்சல் விளக்கத்துக்கு அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தச்சுப் பட்டறைத் தொழிலாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.